மெல்பர்னின் 815ஆ, பென்ரித்தின் 286ஆ?

என் மச்சான் சிட்னியில் படித்துவிட்டு வந்தவர். ரக்பி லீக் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தது அவர்தான். சிங்கப்பூரில் ரக்பி என்றால் பதினைந்து பேர் ஆடும் யூனியனோ செவன்ஸோதான் நினைவுக்கு வரும். லீக் வேறு. பதின்மூன்று பேர், ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். சடுகுடு பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: பாடிப் போகிறவனுக்குத்தான் விசில், காலைக் கட்டிக்கொண்டு கிடப்பவனை யாரும் கவனிப்பதில்லை.

2021இல் ஆஸ்திரேலியாவின் பெரிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லில் எனக்கென்று ஓர் அணி தேடினேன். மச்சான் சவுத் சிட்னி ரசிகர். "வந்துடு மாப்ளே" என்று இழுத்தார். தாக்குதல் ஆட்டத்தின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். அந்த ஆண்டு மெல்பர்ன் ஸ்டார்ம் 24 ஆட்டங்களில் 815 புள்ளிகள் குவித்தது. பென்ரித் பேந்தர்ஸ் அதே 24 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது 286தான். நான் 286 பக்கம் சாய்ந்தேன்.

கடைசிக் கட்டத்தில் பென்ரித் பாரமட்டாவை 8-6, அந்த 815 மெல்பர்னை 10-6 என்று கழித்துக்கட்டியது. சவுத் சிட்னியுடன் இறுதியாட்டம் அக்டோபர் 3, ஞாயிறு, நம் நேரம் மாலை 4.30. கோவிட் கட்டுப்பாட்டால் காப்பிக்கடையில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து உட்கார முடியாத நேரம். எங்கள் வீவக வீட்டுச் சோபாவின் இரண்டு முனைகளில் மச்சானும் நானும். முதல் பாதியில் சவுத் சிட்னியின் கோடி வாக்கர் தனியாளாகப் புகுந்து ஒரு டிரை போட்டார், அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தார். மச்சான் எழுந்தே நின்றுவிட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் அதே வாக்கர் நீளமாக ஒரு பாஸ் வீச, பென்ரித்தின் ஸ்டீபன் கிரைட்டன் நடுவில் பாய்ந்து பிடித்து டிரை போட்டுவிட்டார். முடிவு 14-12, கோப்பை பென்ரித்துக்கு.

ஆனால் நான் இன்னும் பென்ரித்திலேயே இருப்பதற்குக் காரணம் சம்பளக் கணக்கு. என்ஆர்எல்லில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு கிளப் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கோப்பை வாங்கிய அணியின் ஆட்களுக்கு விலை ஏறும். அத்தனை பேரையும் பிடித்து வைக்க முடியாது. 2021 முடிந்ததும் மாட் பர்ட்டன் போனார். அடுத்த ஆண்டு கிகாவ், கோரொய்சாவ். 2023 முடிந்து கிரைட்டனே போய்விட்டார். ஆனாலும் 2022, 2023, 2024 கோப்பைகளும் பென்ரித்துக்கே. வித்தைக்காரர் கிளப் மாறினால் வித்தையும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போகும். தடுக்கும்போது பத்து மீட்டர் பின்வாங்கி, வரிசை கலையாமல் மறுபடி முன்னேறுவது பழக்கம். புதிதாக வருகிற பையனுக்கும் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து தொற்றிக்கொள்ளும்.

தங்கள் கோட்டருகே பென்ரித் ஆட்கள் தடுக்கும்போது பந்தை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். கீழே கிடப்பவர் எழுந்திருக்கும் முன்பே மற்றவர்கள் கைகாட்டி ஆள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஓர் அடி பிந்தினால் போதும், அந்தச் சந்தில்தான் எதிரி நுழைவான். நடுவில் நிற்பவர்களுக்கு ஓர் ஆட்டத்தில் நாற்பது டாக்கிள்கூட வரும், அதாவது பந்தோடு வருபவரை நாற்பது முறை பிடித்து நிறுத்த வேண்டும்.

பென்ரித்துக்குத் தாக்கத் தெரியாது என்று இல்லை. 2023 இறுதியாட்டத்தில் பிரிஸ்பனிடம் 24-8 என்று பின்தங்கி, நேதன் கிளியரி புண்ணியத்தில் 26-24 என்று ஜெயித்தார்கள். அன்று காப்பாற்றியது தடுப்பாட்டம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

2025இல் என் கணக்கு நன்றாகவே உதைபட்டது. இடைவேளையில் 14-0 என்று முன்னணியில் இருந்த பென்ரித், இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் பிரிஸ்பனிடம் 16-14 என்று தோற்றது. ரீஸ் வால்ஷின் துள்ளலோடு பிரிஸ்பன் கோப்பையும் வாங்கியது. மச்சான் அனுப்பிய வாட்ஸ்அப் ஸ்டிக்கர்களை இங்கே போட முடியாது. அப்புறம் பிரிஸ்பனும் மெல்பர்னும் மோதிய இறுதியாட்டத்தின் ஸ்கோரைப் பார்த்தேன்: இடைவேளையில் மெல்பர்ன் 22-12 முன்னணி, முடிவில் பிரிஸ்பன் 26-22. இரண்டாம் பாதி முழுக்க மெல்பர்னுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

நான் ஆடியது சனிக்கிழமை டச் ரக்பி மட்டும்தான். நூறு கிலோ ஆள் தோளில் வந்து மோதுவது எப்படி இருக்கும், நாற்பதாவது டாக்கிளில் உடம்பு என்ன சொல்லும் என்பதை ஆடியவர்கள்தான் சொல்ல வேண்டும். மச்சானுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "சரி, உன் டீமுக்கு வால்ஷைக் கொடுத்தா வேணாம்னு சொல்லுவியா?" என்றார்.

வாங்கிக்கொள்வேன். ஆனால் கடைசி ஆளாக.