பரணா, கூடாரமா? வில்லுடன் வெண்வால் மானுக்குக் காத்திருக்கும் இரு வழிகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செப்டம்பர் நடுவில், வில்லால் மான் வேட்டையாட அனுமதிக்கும் வில் பருவம் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பே வேட்டைப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டு சாமான்கள் வாசலுக்கு வந்துவிடும்: மரத்தில் கட்டும் ட்ரீ ஸ்டாண்ட், தரையில் விரிக்கும் கிரவுண்ட் பிளைண்ட். தினைப்புனம் காத்தவர்கள் ஏறி அமர்ந்த பரணுக்கும் முன்னதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் அதைப் பரண் என்றும், பின்னதைக் கூடாரம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். ஆகவே இந்த அலசல் உரிமம் பெற்று வேட்டையாடும் அமெரிக்க மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். 1934இலேயே வில்லுக்கென்று தனி மான் பருவம் அறிவித்த மாநிலம் விஸ்கான்சின் என்பதாலும், நான் அமர்ந்து பழகிய காடு இதுவே என்பதாலும் உதாரணங்களை இங்கிருந்தே எடுக்கிறேன்.

துப்பாக்கிக்காரருக்கு இருநூறு கஜம் ஒரு தூரமே அல்ல. வில்லாளிக்கோ இருபது கஜம்தான் நிம்மதியான தூரம், முப்பதைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். நொடிக்கு 280 அடி வேகத்தில் பாயும் அம்பு இருபது கஜத்தைக் கடக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. நாண் அதிரும் ஓசையோ அதில் கால்வாசி நேரத்திலேயே மானின் காதை எட்டிவிடுகிறது. ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும் மானின் முதுகுக்கு மேலே அம்பு பறந்துபோவதற்கு அந்த இடைவெளி போதும். எனவே மான் அருகில் வரவேண்டும், பதற்றமின்றி வரவேண்டும், அது பார்க்காத தருணத்தில் நாணை இழுத்து முடிக்க வேண்டும். பரணையும் கூடாரத்தையும் இந்த மூன்றை வைத்தே எடைபோட வேண்டும்.

பரணின் பெரிய பலம் பார்வை. இருபதடி உயரத்தில் அமர்ந்தால், புதருக்கு அப்பால் வரும் மானை அது அம்பின் எல்லைக்குள் நுழைவதற்குப் பல நிமிடங்கள் முன்பே கண்டுகொண்டு, மெதுவாக எழுந்து, வில்லைக் கையில் எடுத்துத் தயாராக நிற்கலாம். மானின் கண் பெரும்பாலும் தரைமட்டத்து ஆபத்தையே தேடுகிறது என்பதும் நமக்குச் சாதகம். ஆனால் பரணில் இருப்பவர் மானின் கண்ணுக்கே படமாட்டார் என்பது புதியவர்களின் கற்பனை. இலை உதிர்ந்த நவம்பர் மரத்தில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு ஒருவர் கையை உயர்த்தினால் நன்றாகவே தெரியும். ஒருமுறை ஒரு முதிய பிணைமான் சட்டென்று நின்று என்னையே அண்ணாந்து பார்த்து, முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி உதைத்தது. அந்தச் சத்தம் கேட்டு அதன் பின்னால் வந்த மூன்று மான்களும் திரும்பிப் போயின. அரைகுறையாக இழுத்த நாணோடு நான் சிலைபோல் நின்றதுதான் மிச்சம்.

உயரம் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் தவறு. இருபதடிப் பரணிலிருந்து இருபது கஜத்தில் நிற்கும் மானை நோக்கினால் சாய்வு ஏறக்குறைய இருபது பாகைதான். அதே மான் ஐந்து கஜத்துக்கு வந்துவிட்டால் ஐம்பது பாகையைத் தாண்டிவிடும். அவ்வளவு செங்குத்தாக இறங்கும் அம்பு இரண்டு நுரையீரல்களில் ஒன்றை மட்டும் துளைக்கும் அபாயம் உண்டு, அப்படி அடிபட்ட மான் வெகுதூரம் ஓடி, கிடைக்காமலே போகலாம். கீழ்நோக்கி எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைய வேண்டும் என்பதை வீட்டு மாடியிலிருந்தாவது பழகிக்கொள்வது அவசியம். அதைவிட அவசியம், விழாமல் உடலைத் தாங்கும் பாதுகாப்புக் கச்சை. விழுபவர்களில் பலர் ஏறும்போதோ இறங்கும்போதோ பரணில் கால் வைக்கும்போதோதான் விழுகிறார்கள். ஆகவே மரத்தில் மேலிருந்து தரைவரை கட்டிய கயிற்றில், ஏறத் தொடங்கும் முன்பே கச்சையை மாட்டிவிட வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிறு கட்டித் தூக்கிக்கொள்வதே முறை.

கூடாரம் வேறு கணக்கில் இயங்குகிறது. உள்பக்கம் கறுப்பாக இருக்கும் துணிச்சுவருக்குள் கறுப்பு உடை அணிந்து அமர்ந்து, பின்பக்க ஜன்னல்களை முழுவதும் மூடி, முன்பக்கத்தில் ஒன்றிரண்டை மட்டும் திறந்து வைத்தால், பத்து கஜத்தில் நிற்கும் மானுக்கும் நம் கை அசைவது தெரியாது. நாணை இழுக்கும் அந்த ஆபத்தான இரண்டு நொடிகளுக்கு இதைவிட நல்ல மறைப்பு வேறில்லை. மழையிலும் பனியிலும் மூன்று மணி நேரம் கூடுதலாக அமர முடிவதும், முதல்முறை வரும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்க முடிவதும் சிறிய லாபங்கள் அல்ல.

அதன் குறைகள் இரண்டு. நேற்றுவரை இல்லாத பெட்டி ஒன்று வயலோரம் முளைத்திருந்தால் மான்கள் அதைச் சுற்றிப் போய்விடும். எனவே குறைந்தது இரண்டு வாரம் முன்பே விரித்து, சுற்றிலும் கிளைகளைச் செருகி வைத்தால்தான் பலன் கிடைக்கும். மற்றொன்று ஜன்னல். கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் நம் பார்வைக்கோட்டுக்கு மூன்று நான்கு அங்குலம் கீழேதான் அம்பு கிளம்புகிறது. மான் தெளிவாகத் தெரிகிறதே என்று நான் விட்ட அம்பு ஒன்று ஜன்னலின் கீழ்விளிம்பைக் கிழித்துக்கொண்டு போய் இருபதடி தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அன்றிலிருந்து நாற்காலியின் உயரத்தை அளந்து, ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் ஒரு பயிற்சி அம்பு எய்து பார்க்காமல் பருவத்தைத் தொடங்குவதில்லை.

மோப்பத்தைப் பொறுத்தவரை இரண்டில் எதையும் நம்புவதற்கில்லை. உயரத்தில் இருந்தால் வாடை மேலேயே போய்விடும் என்று பரண் விற்பவரும், துணி வாடையை அடைத்துவிடும் என்று கூடாரம் விற்பவரும் சொல்வார்கள். இரண்டும் கொஞ்சம் உண்மை, மிச்சம் வியாபாரம். சரிவான நிலத்தில் வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கி நகரும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். அப்படி இறங்கும் காற்று இருபதடிப் பரணிலிருந்து நம் வாடையை அள்ளிக்கொண்டுபோய் மான்பாதையிலேயே கொட்டிவிடும். நான் சட்டைப்பையில் மாவுக்குப்பி ஒன்றை வைத்திருக்கிறேன். அரைமணிக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை ஊதிப் பார்த்தால் காற்றின் போக்கு தெரிந்துவிடும்.

நடந்தே தேடுவது என்ற மூன்றாவது வழியும் உண்டு. காய்ந்த ஓக் சருகின் மேல் சத்தமின்றி நடக்கத் தெரிந்தவர்களுக்கு வாழ்த்துகள்; எனக்கு அது கைவரவில்லை.

என் முடிவு இதுதான்: செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மான்கள் மாலைதோறும் சோயா வயலுக்கு ஒரே வழியில் வரும் காலத்தில், கட்ட நல்ல மரம் இல்லாத வயலோரங்களில் கூடாரமே மேல். நவம்பர் முதல் இரு வாரங்களில், கலைமான்கள் பிணைகளைத் தேடிப் பகலெல்லாம் எந்தத் திசையிலிருந்தும் வரக்கூடும் என்பதால், சதுப்புக்கும் மேட்டுக்கும் இடையே காடு குறுகும் இடத்தில் கட்டிய பரணுக்கு இணையில்லை. மான்கள் படுக்கும் சதுப்புக்குத் தென்கிழக்கே என் பரண் இருக்கிறது. வடமேற்குக் காற்று வீசும் குளிர்நாள்களில் மட்டும் அதில் ஏறுகிறேன். காற்று தென்கிழக்குக்குத் திரும்பிய காலைகளில், மற்ற எல்லாம் சாதகமாக இருந்தாலும், அந்த ஏணியில் கால் வைப்பதில்லை.