பெட் ஏழு அட்டெண்டர்

காட்பாடியில் இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, பெட்டியோடு நேரே ஐசியூ வாசலுக்குத்தான் போனேன். அப்பாவுக்கு நிமோனியா, வென்டிலேட்டரில் இருந்தார். தங்கை குடியாத்தத்திலிருந்து வந்து மூன்று நாளாகப் பாயும் ஃபிளாஸ்க்குமாகக் கிடந்தாள். வேலூர் என்றதும் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனையை நினைப்பீர்கள். எங்களுக்கு இடம் கிடைத்தது வேறொரு தனியாரில். பேர் வேண்டாம்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பக்கத்துப் பாயில் வங்காளிக் குடும்பம் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. மைக் கரகரத்தது: "பெட் ஏழு அட்டெண்டர், உடனே உள்ள வரவும்."

ரெண்டு மணிக்கு எதற்குக் கூப்பிடுவார்கள்? தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்பைக்கூடத் தேடவில்லை, ஓடினேன். வாசலில் செக்யூரிட்டி, "இன்னா சார், எத்தினி வாட்டி கூப்டறது?" என்றார். உள்ளிருந்து ஒரு கை சீட்டை நீட்டியது. பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட், ஈரத் துடைப்பான் ரெண்டு.

டயப்பர்!

கீழே பார்மசியில் பில் போடும்வரை கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சாவுச் செய்திக்கும் டயப்பருக்கும் ஒரே மைக், ஒரே குரல். "டயப்பர் வாங்கணும்" என்று மூன்றாவதாக ஒரு வார்த்தை சேர்த்தால் மின்சாரமா கூடிவிடும்? அந்த ஒரு வாரத்தில் இப்படி ஏழெட்டு முறை ஓடியிருப்பேன்.

கனடாவில், பிராம்ப்டனில் மாமனார் ஐசியூவில் இருந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள், 24 கேள்வி. நோயாளிக்கு அல்ல, குடும்பத்துக்கு. டாக்டர் எத்தனை தடவை பேசினார், கேட்டதற்குப் பதில் சொன்னார்களா, காத்திருக்கும் அறை எப்படி இருந்தது என்றெல்லாம். இதையெல்லாமா கேட்பார்கள் என்று அப்போது சிரித்தேன். (அங்கே எமர்ஜென்சியில் ஒன்பது மணி நேரம் உட்கார வைத்த கதை தனி.)

நாலாம் நாள் பார்வை நேரத்தில் போனால், அப்பாவின் இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். நைட் டியூட்டி முடிந்து கிளம்ப வேண்டிய நர்ஸ் பெண் நின்றாள். மலையாளம் கலந்த தமிழ். "டியூபைப் பிடுங்கிட்டா மறுபடி போடறது ரொம்பக் கஷ்டம் அண்ணா. அதான் கட்டியிருக்கு. விரல் சூடா இருக்கா, தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

கையில் வைத்திருந்த பார்மசி பில்லைத் திருப்பி 60 என்று எழுதி, அம்புக்குறி போட்டு, 40 என்று எழுதினாள். "நேத்து மெஷின் குடுத்த ஆக்சிஜன் இவ்ளோ சதவீதம், இன்னைக்கு இவ்ளோ போதும். நாம இழுக்கற காத்துல 21. அங்கே வரணும்." ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தங்கை அந்த பில்லை நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் நாங்கள் இட்லி என்று ஒன்றை ருசித்துச் சாப்பிட்டோம்.

டிஸ்சார்ஜ் அன்று இங்கேயும் ஒரு படிவம் வந்தது. கேன்டீன், கழிப்பறை, பில் கவுன்ட்டர் எல்லாவற்றுக்கும் சிரிக்கும் முகம், அழும் முகம். மைக்குக்கு இடமே இல்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். பில்லோடு சேர்த்துப் பின் அடித்துவிட்டார்கள்.

ஆட்டோ கோட்டை அகழியைத் தாண்டும்போது அப்பா கமறிய குரலில் கேட்டார்: "ராத்திரி பூரா பெட் ஏழு, பெட் ஏழுன்னு கூப்டுனே இருந்தாங்களே, அந்தாளு பொழைச்சாராப்பா?"