58 யூரோவுக்கு ஒரு மாத ஊர்சுற்றல்

2025 கோடையில் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் பரிமாற்ற மாணவியாக இருந்தபோது, என் சனி ஞாயிறுகளைக் காப்பாற்றியது டாய்ச்லாண்ட் டிக்கெட்தான். அப்போது மாதம் 58 யூரோ; நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாம் அடக்கம். ஐசிஇ மாதிரி அதிவேக ரயில்களில் செல்லாது.

முதல் சனிக்கிழமை எஸ்1 என்ற உள்ளூர் ரயிலேறி ராட்டன் என்ற ஊருக்குப் போனோம். அங்கே எல்பே ஆற்றைக் கடக்கும் படகுக்கு எஞ்சினே கிடையாது. வடத்தில் கட்டிவிட்டிருக்கிறார்கள்; ஆற்றின் ஓட்டமே மெல்ல அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. அதற்குத் தனிக் காசு. அப்புறம் மூச்சு வாங்கும் ஏற்றம், மேலே 1851இல் கட்டிய பாஸ்டை கல்பாலம். அங்கே புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். கூட வந்த துருக்கித் தோழி பாதியைக் காலி செய்துவிட்டாள்.

ஒன்று, இது மாதச் சந்தா. அடுத்த மாதம் வேண்டாமென்றால் இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். எனக்குப் பன்னிரண்டாம் தேதிதான் ஞாபகம் வந்தது. 58 யூரோ கோவிந்தா.