அன்டாசிட்: போத்தலா, மாத்திரையா, பழ உப்பா? நீண்டநாள் பாவனையில் தெரிந்தவை

வெறும் பிளேன்டீயோடு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், பகல் சாப்பாட்டையும் தள்ளிப்போடுகிற தோட்டப்புறத்தில் நெஞ்செரிவு மருந்து இல்லாத லயத்து வீட்டைத் தேடித்தான் பார்க்கணும். "மருந்து கேட்கவே இல்லை" என்பவர்கள் பிராண்டை மாற்றுவதற்கு முன் குடிக்கிற நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

அன்டாசிட் என்பது காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது (உறைப்பு அல்ல). இரைப்பையில் ஏற்கெனவே சுரந்த அமிலத்தை உப்பும் நீருமாக்கும், சுரப்பை நிறுத்தாது. வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் குடலுக்கு இறங்கிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் உணவோடு தங்கி மூன்று மணி நேரம் வரை தாங்கும்.

என் ஓட்டு போத்தல் மருந்துக்கே. அதிலுள்ள மக்னீசியம் ஹைட்ரொக்சைட் சீக்கிரம் கேட்கும், ஆனால் வயிற்றால் போகும். அலுமினியம் ஹைட்ரொக்சைட் மெதுவானது, மலத்தை இறுக்கும். இரண்டையும் கலப்பது அதற்காகத்தான். குலுக்காமல் ஊற்றினால் மருந்தெல்லாம் அடியில் தங்கி மேலே வெறும் தண்ணிதான் வரும். அளவு மூடியால் எடுங்கள். வீட்டுக் கரண்டியை நம்ப முடியாது. சிறுநீரக நோயாளிகள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மலைக்குக் கொண்டுபோக மாத்திரை வசதி. நன்றாகச் சப்பித் தின்ன வேண்டும். கல்சியம் காபனேட் என்றால் ஏப்பம் வரும், அது வாயு வெளியேறுவதுதான்.

பழ உப்பு சில நிமிடத்திலேயே கேட்கும். ஆனால் 5 கிராம் பக்கெட்டில் சுமார் 850 மில்லிகிராம் சோடியம், பிரஷர்காரர்களுக்கு ஆகாது. மழை மாதங்களில் பிரித்துவைத்த பக்கெட் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். அதிலுள்ள சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் உள்ளேயே சேர்ந்து தீர்ந்துபோவதால், தண்ணீரில் போட்டாலும் பொங்காது. வீசிவிடுங்கள்.

கவனிக்காமல் விடுவது ஒன்று: கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை. அன்டாசிட்டோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைரொயிட்டுக்குப் போடும் தைரொக்சின் மாத்திரைக்கு நான்கு மணி நேரம். இடுப்பு வலிக்கு டைக்ளோபெனாக் போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே இரைப்பையைப் புண்ணாக்கலாம். எரிவு அடங்கினாலும் புண் உள்ளே இருக்கும்.

இரண்டு வாரம் தொடர்ந்து மருந்து தேவைப்பட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ டொக்டரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் 'கேஸ்' என்று போத்தலைத் தேடாமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.