நாய்க்குத் தக்காளி: பெரியகுளம் நாட்டு ரகமா, அர்கா ரக்ஷக்கா, செர்ரியா?

சமையலுக்குத் தக்காளி வளர்க்கிறவர்கள் விளைச்சலைப் பார்ப்பார்கள். தக்காளி என்றால் உயிரை விடும் நாய் இருக்கும் வீட்டில் அதைவிட முக்கியம் இரண்டு: காய் எந்த உயரத்தில் தொங்குகிறது, பழுத்தது பார்த்தவுடன் தெரிகிறதா. தக்காளியின் இலை, தண்டு, பச்சைக்காய் மூன்றிலும் டொமாட்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. காய் பழுக்கப் பழுக்க அது குறையும். நன்றாகப் பழுத்த பழத்தை, காம்பும் பச்சைத் தொப்பியும் கிள்ளிவிட்டு, அளவாகக் கொடுக்கலாம். ஆனால் பழ வாசனையில் மயங்கிய நாய்க்குப் பழம் எது, காய் எது, கிளை எது என்ற பேதமெல்லாம் கிடையாது.

சென்னையில் எளிதாக விதை கிடைக்கும் மூன்றை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட ரகம். அன்னஞ்சி நாட்டுத் தக்காளியின் மரபணுவில் திடீர் மாற்றம் உண்டாக்கி உருவாக்கியது. தட்டையான, புளிப்பான பழம். ரசத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. நாய் வீட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல்: காயின் தோள்பட்டையில் அடர்பச்சை இருக்கும். அடிப்பாகம் சிவந்து மேல்பாகம் பச்சையாக நிற்கும்போதே பறித்துக் கொடுத்துவிடுகிறோம். இந்த ரகமென்றால் பறித்தபின் 3, 4 நாள் வீட்டுக்குள் வைத்து, தோளும் சிவந்தபின் கொடுங்கள். முட்டுக் கொடுக்காவிட்டால் செடி சாய்ந்து படரும். காய்கள் நாயின் மூக்குக்கு நேராக வந்து உட்காரும். விதையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்கலாம் என்பது இதன் பெரிய பலம்.

அர்கா ரக்ஷக். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு ரகம். இலைச்சுருள் நோய், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். சென்னையில் பிப்ரவரிக்குப் பிறகு வெள்ளை ஈ பெருகி, இலை சுருண்டு, செடி கூம்பிப் போவதுதான் மாடித்தோட்டத்தின் தீராத தலைவலி. நோய் குறைந்தால் மருந்தடிப்பும் குறையும். நாய் நக்கும் செடிக்கு அதுவே பாதி வெற்றி. பழம் 90 முதல் 100 கிராம், கெட்டியான அடர்சிவப்பு. ஒன்று முழுதாகக் கொடுத்தால் பொமரேனியனுக்கு அதிகம், நறுக்கியாக வேண்டும். விதை எடுத்து மறுபடி போட்டால் அதே குணம் வராது.

செர்ரி தக்காளி. எங்கள் தேர்வு இதுதான். வளர்ந்துகொண்டே போகும் கொடி வகை என்பதால் 6 அடி சவுக்குக் கம்பில் ஒற்றைத் தண்டாகக் கட்டி ஏற்றலாம். கீழிருந்து 2 அடிவரை இலைகளைச் சிறிது சிறிதாக அகற்றிவிட்டால் நாய் நிற்கும் உயரத்தில் கடிக்க எதுவும் இருக்காது. லாப்ரடார் பின்னங்காலில் எழும்பி 4 அடி எட்டும், அதற்குச் செடி வளரும் பையைச் சுற்றி 4 அடிக்கு மேல் கம்பிவலை தேவை. மற்ற இரண்டையும்விட இது வெயிலில் கூடுதலாகக் காய் பிடிக்கும். குறைகளும் உண்டு. வறண்ட மண்ணில் திடீர் மழை விழுந்தால் தோல் வெடிக்கும். பழம் தானாக உதிரும், தினமும் காலையில் பொறுக்கவேண்டும். சின்ன நாய் முழுதாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கக்கூடும், இரண்டாக வெட்டிக் கொடுங்கள்.

எந்த ரகமானாலும் பருவம் தவறினால் பயனில்லை. நவம்பர் முதல் பாதியில் மழை படாத இடத்தில் குழித்தட்டில் விதைத்து, 25 நாள் நாற்றை டிசம்பர் நடுவில், மழை தணிந்ததும் நடுங்கள். பிப்ரவரியில் பழம் வரும். ஏப்ரலில் இரவிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும்; உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது. கோடையில் பழுக்கும் பழம் முழுச் சிவப்பாகாமல் ஆரஞ்சாகவே நிற்பதும் வெப்பத்தால்தான், அப்போது நிறத்தோடு மென்மையையும் அமுக்கிப் பாருங்கள்.

தரையா, பையா என்றால் பைதான். தரையில் நாய் தோண்டும், சிறுநீர் கழிக்கும். 15 அங்குலப் பையில் ஒரு செடி: செம்மண் 2 பங்கு, உப்புப் போக அலசிய தென்னை நார்க்கழிவு 1, மண்புழு உரம் 1, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆமணக்குப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ரிசின் என்ற கொடிய நச்சு இருக்கலாம், நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. எலும்புத்தூளும் மீன் அமிலமும் செடிக்கு நல்லதுதான், ஆனால் அந்த வாசனைக்கு நாய் பையையே கவிழ்த்துவிடும்.

தண்ணீரில் கவனம் வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகி, காய் சிறுத்து, அடிப்பக்கம் கறுத்து அழுகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரும் அப்படியே. மெட்ரோ வாட்டரையோ சேமித்த மழைநீரையோ, நாள் தவறாமல் ஒரே அளவாக ஊற்றுங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றினாலும் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராமல் அதே அழுகல் வரும்.

வெள்ளை ஈக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசலோடு மாலையில் தெளித்து, காயும்வரை நாயை உள்ளே வையுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியை நாய் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், ரோமத்தில் ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு. கிள்ளிய பக்கக் கிளைகள் தரையில் கிடந்தால் அவற்றிலும் தக்காளி வாசனைதான். உடனே மூடிய தொட்டியில் போடுங்கள்.

10 கிலோ நாய்க்கு நாளுக்கு 2, 3 செர்ரிப் பழம். லாப்ரடாருக்கு அரை ரக்ஷக் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த தொக்கு எந்த நாய்க்கும் ஆகாது, அவை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இலையையோ பச்சைக்காயையோ நிறையத் தின்றுவிட்டு எச்சில் ஒழுகி, வாந்தியெடுத்து, சோர்ந்து தள்ளாடினால், வீட்டில் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், தின்ற கிளையில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கூட்டிச்செல்லுங்கள்.