போஸ்ட்கிரெஸ் நீட்சிகளுக்கு பிஜிடிஜி களஞ்சியம்: ஒரு பயனரின் மதிப்பீடு

டெபியன், உபுண்டு லினக்ஸ் சர்வர்களில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான நீட்சிகளை (கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன்களை) நிறுவ, அதன் மேம்பாட்டுக் குழுவினரே நடத்தும் பிஜிடிஜி களஞ்சியத்தையே (ஆப்ட் என்னும் நிறுவல் கருவி பேக்கேஜ்களை எடுக்கும் இடம்) நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். டெபியன் 12-இன் சொந்தக் களஞ்சியத்தில் போஸ்ட்கிரெஸ் 15 மட்டும், உபுண்டு 24.04-இல் 16 மட்டும் என்று ஒரே பதிப்புதான் கிடைக்கும். பிஜிடிஜியிலோ, ஆதரவில் உள்ள எல்லாப் பதிப்புகளும் ஒவ்வொன்றுக்குமான நீட்சிகளும் கிடைக்கின்றன.

இதில் நான் மிகவும் மதிப்பது பேக்கேஜ்களுக்குப் பெயரிடும் முறையை. 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-16-பிஜிவெக்டர்' என்ற பெயரிலேயே, எந்தப் பெரும்பதிப்புக்காக அது கம்பைல் செய்யப்பட்டது (இயங்கு நிரலாக மாற்றப்பட்டது) என்பது தெரிந்துவிடுகிறது. இது சிறிய விஷயமன்று. 15-க்காக உருவான நீட்சியின் சி மொழி நூலகக் கோப்பை 16-ஆம் பதிப்பின் சர்வர் ஏற்றவே மறுத்துவிடும்.

ஒரு நீட்சியை மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்தபோது இந்த அருமையை நேரடியாக உணர்ந்தேன். இயங்கிக்கொண்டிருந்த சர்வர் 14. ஆனால் அதே கணினியில் 16-க்கான, கம்பைல் செய்யத் தேவைப்படும் டெவலப்மென்ட் பேக்கேஜும் இருந்தது. கம்பைல் செய்த கோப்புகளை நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்தது. பிறகு நீட்சியைத் தரவுத்தளத்தில் சேர்க்கும் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' கட்டளையைக் கொடுத்தால், அதை விவரிக்கும் கன்ட்ரோல் கோப்பே இல்லை என்று பதில் வந்தது. கட்டளைகளைத் தேடும் பாதையில் முதலில் அகப்பட்ட பிஜி_கான்ஃபிக் (போஸ்ட்கிரெஸின் கோப்பகங்கள் எங்கே என்று சொல்லும் கருவி), புதிய பதிப்பையே காட்டியதால், கோப்புகள் அனைத்தும் 16-இன் கோப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 14-இன் பிஜி_கான்ஃபிக்குக்கான முழுப் பாதையை மேக் கட்டளையிலேயே குறிப்பிட்ட பிறகுதான் வேலை முடிந்தது. களஞ்சியத்தில் இல்லாத நீட்சி என்றால் மட்டுமே இப்போது அந்த வழிக்குப் போகிறேன்.

ஆயினும், ஆப்ட் செய்வது பாதி வேலைதான் என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். அது கோப்புகளை உரிய இடத்தில் வைக்கும், அவ்வளவே. நீட்சி தேவைப்படும் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியாக, 2011-இல் வெளியான 9.1 முதல் இருந்துவரும் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' கட்டளையை நாமே இயக்க வேண்டும். பிஜி_கிரான் (பணிகளை நேரப்படி இயக்குவது), பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் (வினவல்களின் புள்ளிவிவரம் சேகரிப்பது) போன்ற நீட்சிகளுக்கு இதுவும் போதாது. சர்வர் தொடங்கும்போதே ஏற்ற வேண்டிய நூலகங்களைக் குறிக்கும் 'ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸ்' அமைப்பில் பெயரைச் சேர்த்து, சர்வரை மறுதொடக்கம் செய்தாக வேண்டும். இந்த இடத்தில் மிகுந்த கவனம் தேவை. அமைப்புக் கோப்பில் அந்த வரி இரண்டு முறை இருந்தால் கடைசி வரியே செல்லும் என்பதால், முன்பு சேர்த்திருந்த நீட்சி சத்தமில்லாமல் விலகிவிடும். பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலோ சர்வர் எழவே எழாது. ஆகவே பேக்கேஜ் நிறுவப்பட்டதை உறுதிசெய்த பின்னரே அந்த வரியைத் தொடுங்கள். நீக்கும்போது முதலில் அந்த வரியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, பிறகே பேக்கேஜை நீக்குங்கள்.

மேம்படுத்தலிலும் இதே இடைவெளி உண்டு. ஆப்ட் புதிய நூலகக் கோப்பைக் கொண்டுவந்தாலும், தரவுத்தளத்துக்குள் இருக்கும் செயற்கூறுகளின் வரையறைகள் 'ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட்' கொடுக்கும்வரை பழையபடியே இருக்கும். 'பிஜி_அவைலபிள்_எக்ஸ்டென்ஷன்ஸ்' காட்சியில் நிறுவப்பட்ட பதிப்பையும் இயல்புநிலைப் பதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடுபட்டவை கண்ணில் படும். பெரும்பதிப்பு மாற்றத்தின்போது, புதிய பதிப்புக்கான நீட்சிப் பேக்கேஜ்களை முன்கூட்டியே நிறுவாவிட்டால், அந்த மாற்றத்தைச் செய்யும் பிஜி_அப்கிரேட் கருவி தொடக்கச் சோதனையிலேயே நின்று, கிடைக்காத நூலகங்களை ஒரு கோப்பில் பட்டியலிட்டுத் தருகிறது. சோதனை மட்டும் செய்யும் 'செக்' விருப்பத்துடன் அதை முதல் நாளே இயக்கி, பட்டியலில் உள்ளவற்றை பிஜிடிஜியிலிருந்து நிறுவிக்கொள்வது என் வழக்கம். மாற்றத்துக்கென ஒதுக்கிய நேரம் பேக்கேஜ் தேடுவதில் கழிவதில்லை.