காத்திருப்பு எங்கள் பக்கம் வந்தது: ரஸ்ட்டும் லம்டாவும், இரண்டரை வருட அனுபவம்

வெள்ளவத்தையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஐந்து பேர் வேலை செய்கிறோம். தனியார் கிளினிக்குகளுக்கு சனலிங் மென்பொருள் செய்வதுதான் தொழில். நோயாளி நம்பர் எடுப்பார், அவருக்கு எஸ்எம்எஸ் போகும், டொக்டர் வரப் பிந்தினால் இன்னொரு எஸ்எம்எஸ் போகும். பகல் முழுக்க ஈயோட்டுவோம். பெயர்போன டொக்டர் ஒருவருக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு நம்பர் திறந்தால், அடுத்த ஒரு நிமிடம் வெள்ளிக்கிழமை இரவுக் கொத்துக்கடை மாதிரித்தான்.

இந்த மாதிரி வேலைக்கு அமேசானின் லம்டா நன்றாகப் பொருந்தும் என்று நினைத்தோம். ‘ஃபங்ஷன்’ என்ற சிறு நிரலைக் கொடுத்தால், கோரிக்கை வரும்போது மட்டும் அதை மும்பையில் உள்ள தங்கள் கணினிகளில் ஓட்டுவார்கள். ஆள் வராத நேரம் காசில்லை. வந்தால் தானாகப் பெருகும். ரஸ்ட் என்ற நிரல்மொழி பிறகுதான் வந்தது; முதல் பதிப்பை ஜாவாவில், ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வேர்க்கில் எழுதினோம். கொழும்பில் ஜாவா தெரிந்த ஆளைத் தேடி அலையத் தேவையில்லை, அதுதான் காரணம்.

கோல்ட் ஸ்டார்ட், அதாவது ஃபங்ஷன் புதிதாக எழும்ப எடுக்கும் நேரம், பற்றித் தெரியாமல் இல்லை. அது எங்களை எங்கே கடிக்கும் என்பதுதான் தெரியவில்லை. லம்டாவில் ஒரு சூழல், அதாவது ஃபங்ஷனின் ஓடும் பிரதி ஒன்று, ஒரே நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். ஆறு மணிக்கு 60 பேர் ஒன்றாக அமத்தினால், ஏற்கெனவே விழித்திருக்கும் இரண்டு மூன்றைத் தவிர மிச்சம் எல்லாம் புதிதாக எழும்ப வேண்டும். எங்கள் ஜாவா ஃபங்ஷன் எழும்ப ஆறு செக்கன் எடுத்தது. ஆறு செக்கன் யார் பொறுப்பார்கள்? திரும்ப அமத்துவார்கள். அதற்கும் புதிய சூழல், அதற்கும் ஆறு செக்கன்.

சில சூழல்களை எப்போதும் விழித்தபடி வைத்திருக்கலாம், அதற்குத் தனிக் காசு. டொலரில். 2022 மார்ச்சில் இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பில்லில் டொலர்த் தொகை அசையவில்லை, ரூபாயில் மட்டும் பாய்ந்தது. கிளினிக்காரரிடம் ரூபாயில் வாங்கி டொலரில் கட்டுகிறவனுக்கு அந்த வருடம் எப்படிப் போனதென்று சொல்லத் தேவையில்லை.

2022 நவம்பரில் ஜாவாவுக்கு ஸ்நாப்ஸ்டார்ட் வந்தது. ஃபங்ஷனை ஒருமுறை எழுப்பி, நினைவகத்தை அப்படியே படம்பிடித்து வைத்து, தேவைப்படும்போது அந்தப் படத்திலிருந்து மீட்கும் வித்தை. உண்மையாகவே உதவியது. ஆனால் படம்பிடித்த நேரத்தில் திறந்திருந்த டேட்டாபேஸ் இணைப்பு மீளும்போது செத்திருக்கும். ரேண்டம் எண் எதிலிருந்து தொடங்குமோ அந்த விதையும் படத்தோடு சேர்ந்தே வரும், மீண்ட பிரதிகள் எல்லாம் ஒரே எண்களைத் தரக்கூடும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஆடுகிற கட்டிலின் காலைச் சரிசெய்வதை விட்டுத் தரையைச் சீவுகிறோம் என்று பட்டது.

மாற்று என்று பார்த்த மொழிகள் நான்கு. பலரினா எங்கள் ஊரிலேயே பிறந்த மொழி என்பதால் மனதுக்குக் கிட்ட இருந்தது. அது ஜாவாவைப் போலவே ஜேவிஎம் என்ற இடைமென்பொருளில் ஓடுவது, கிராள்விஎம் என்ற கருவி வழியாக, ஜேவிஎம் இல்லாமல் நேரே ஓடும் நேட்டிவ் பைனரியாகவும் ஆக்கலாம். ஆனால் அப்படிக் கட்டுவதற்கு நினைவகம் அள்ளிக் கொடுக்க வேண்டும், எங்களிடம் இருந்தவை 8 ஜிபி லப்டொப். டைப்ஸ்கிரிப்ட் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் டைப்புகள் (எந்தத் தரவு எந்த வடிவம் என்ற விதிகள்) கொம்பைல் ஆனதும், அதாவது ஓடும் வடிவத்துக்கு மாறியதும், மறைந்துவிடும். வெளியிலிருந்து வரும் ஜேசன் தரவு சொன்ன வடிவத்தில்தான் இருக்கிறதா என்று ஓடும்போது பார்க்க அவை அங்கே இருக்காது. கோ மொழி நல்ல தெரிவு, இன்றும் சொல்வேன். ரஸ்ட்டை எடுத்தது பாதி அதன் ஈனம்களுக்காக (enum, ஒரு தரவு எந்தெந்த வகையாக இருக்கலாம் என்று பட்டியலிடும் டைப்), பாதி எனக்கிருந்த ஆசைக்காக. அந்த இரண்டாவது பாதியை அலுவலகத்தில் அப்போது சொல்லவில்லை.

2023 மார்ச்சில் தொடங்கினோம். கார்கோ லம்டா என்ற கருவி வேலையைச் சுலபமாக்கியது. ஏஆர்எம் சிப்புக்கான பைனரியை எங்கள் இன்டெல் லப்டொப்பிலேயே கட்டித்தரும், உள்ளுக்குள் ஸிக் மொழியின் லிங்கரை (துண்டுகளை ஒரே கோப்பாக இணைக்கும் கருவி) பாவித்து. வருவது பூட்ஸ்ட்ராப் என்ற பெயரில் ஒரே கோப்பு, சில எம்பி. கூடவே ஜேவிஎம், ஃபிரேம்வேர்க் என்று ஒன்றும் இல்லை. லம்டாவின் ஏஆர்எம் விலை இன்டெல் விலையை விட 20 சதவீதம் குறைவு என்பது மேலதிகம்.

முதல் நாள் லம்டாவின் பதிவேட்டைத் திறந்து, எழும்ப எடுத்த நேரத்தைச் சொல்லும் இனிட் டியூரேஷன் என்ற வரியைப் பார்த்தேன். 31 மில்லிசெக்கன். பிழையாக வாசித்தேனோ என்று திரும்பப் பார்த்தேன். இரண்டரை வருடமாக அது 25க்கும் 45க்கும் இடையில்தான் நிற்கிறது. கொழும்பிலிருந்து மும்பைக்கு ஒருதரம் போய்வர எங்கள் இணைப்பில் அதைவிடக் கூட எடுக்கும்.

அப்படியிருந்தும் முதல் கோரிக்கை அரைச் செக்கன் இழுத்தது. இனிட் 31, மிச்சம் எங்கே? காசு மிச்சம்பிடிக்க நினைவகத்தை 128 எம்பிக்கு இறக்கியிருந்தோம். லம்டாவில் நினைவகத்தைக் குறைத்தால் சிபியுவின் பங்கும் அதே விகிதத்தில் குறையும்; முழுசாக ஒரு விசிபியு வேண்டுமென்றால் 1,769 எம்பி வைக்க வேண்டும். அந்தச் சிறு துண்டு சிபியுவில், பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் டிஎல்எஸ் கைகுலுக்கல் நொண்டியது. டேட்டாபேஸோடு பேசும் கிளையன்டை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் ஹான்ட்லருக்கு உள்ளே உருவாக்கியிருந்தோம், அது இன்னொரு மடத்தனம். கிளையன்டை, எழும்பும்போது ஒருதரம் மட்டும் ஓடும் மெயினுக்கு ஏற்றி நினைவகத்தை 256 ஆக்கியதும் சரியாயிற்று. மில்லிசெக்கன் கணக்கில் பில் வருவதால், சீக்கிரம் முடிந்த வேலைக்குக் காசும் பெரிதாகக் கூடவில்லை. இப்போது லம்டா செலவு அநேகமான மாதங்களில் இலவச எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. பில்லில் பெருத்திருப்பது டேட்டாபேஸும், நாங்களே கணக்கில்லாமல் எழுதித்தள்ளும் பதிவேடும்.

இனி மறுபக்கம். முழு ரிலீஸ் கொம்பைல், லிங்க் செய்யும்போது மெருகேற்றும் எல்டிஓவும் போட்டு, என் பழைய லப்டொப்பில் ஐந்து நிமிடம். விசிறி ஹெலிகொப்டர் மாதிரிச் சுற்றும். ஜாவா காலத்தில் நோயாளி ஆறு செக்கன் காத்திருந்தார். இப்போது நாங்கள் ஐந்து நிமிடம் காத்திருக்கிறோம். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவசரத் திருத்தம் போடும் இரவில் அந்த நியாயம் அவ்வளவாக நினைவுக்கு வராது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்று ஒரு முழுக் கொம்பைலின் நடுவில் இருந்தேன். பேட்டரி 11 சதவீதத்தில் லிங்க் முடிந்தது. மும்பையில் ஃபங்ஷன் வழக்கம்போல 30 மில்லிசெக்கனில் எழும்பத் தயாராக இருந்தது, எழுப்பத்தான் ஆளில்லை.

முதல் வருடம் நூலகங்களாலும் நொந்தோம். அமேசான் சேவைகளோடு பேசுவதற்கான ரஸ்ட் நூலகம் (ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே) 2023 நவம்பர் கடைசியில்தான் முன்னோட்ட நிலையைத் தாண்டியது. அதற்கு முன் ஒவ்வொரு பதிப்பேற்றத்துக்கும் ஒரு பின்னேரம் போகும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

எங்களுக்கு நன்றாக அடிவிழுந்த இடம் வேறு. எஸ்எம்எஸ் ஃபங்ஷன், செய்திகள் வரிசையில் காத்திருக்கும் கியூவிலிருந்து பத்துப் பத்தாக எடுத்து அனுப்பும். தமிழிலோ சிங்களத்திலோ ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான் இடம், தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. அதனால் நோயாளியின் பெயர் நீண்டால் வெட்டுவதென்று முடிவு. நான் எழுதிய வரி, பெயரின் முதல் 20ஐ எடு என்பது. ரஸ்ட்டில் அந்த 20, பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (எழுத்தோ, அதோடு சேரும் குறியோ) யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைட். சிவகாமசுந்தரி என்பது நமக்கு எட்டு எழுத்து, யூனிகோடுக்கு 13 புள்ளி, ரஸ்ட்டுக்கு 39 பைட். இருபதாவது பைட்டில் கத்தி வைத்தால் அது நடுவில் வரும் ‘சு’வின் ‘ச’வைப் பிளக்கும். ரஸ்ட் பிளக்க விடாது, பேனிக் ஆகிவிடும், அதாவது நிரல் அங்கேயே நின்றுவிடும்.

சோதனையில் ஏன் பிடிபடவில்லை? சோதனைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முதலெழுத்து இருந்தது. ‘க. சிவகாமசுந்தரி’ என்று எழுதினால் புள்ளியும் இடைவெளியும் ஒவ்வொரு பைட். 20இல் அந்த இரண்டும் கழிய மிஞ்சுவது 18, மூன்றால் சரியாக வகுபடும். கத்தி தற்செயலாக எழுத்துகளுக்கு இடையில் விழுந்தது. முதலெழுத்து இல்லாத முதல் நீண்ட பெயர் வந்தபோது ஃபங்ஷன் செத்தது.

செத்தது எங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் இதிலுள்ள கூத்து. பேனிக் வந்தால் அபோர்ட் செய் என்று பைனரியைச் சிறிதாக்க வைத்திருந்தோம். புரொசஸ் செத்ததும் லம்டா புதிதாக எழுப்பும், 30 மில்லிசெக்கனில். ஜாவாவாக இருந்திருந்தால் கியூ தேங்கி அலாரம் அடித்திருக்கும். இது செத்துச் செத்து எழும்பியது, கியூ தேங்கவே இல்லை. பத்தில் ஏழாவது பெயரில் செத்தால் முதல் ஆறு பேருக்கும் எஸ்எம்எஸ் போய்விட்டிருக்கும். பேட்ச் முழுவதும் கியூவுக்குத் திரும்பும், ஆறு பேருக்கும் மறுபடி போகும். ஐந்து முயற்சிக்குப் பிறகுதான் அந்தப் பத்தும் ஒதுக்குக் கியூவுக்குப் போகும்படி வைத்திருந்தோம்.

செய்தி கிளினிக் ரிசெப்ஷன் வழியாக வந்தது. ஓர் அம்மா போன் எடுத்தாவாம்: “தங்கச்சி, ஒரே நம்பருக்கு அஞ்சு தரம் மெசேஜ் வந்திருக்கு. அஞ்சு தரமும் வரோணுமோ?”

இப்போது தோற்றவை மட்டும் கியூவுக்குத் திரும்பும்படி பேட்ச் பதிலை மாற்றியிருக்கிறோம். ஸ்ட்ரிங்கைப் பைட் கணக்கில் வெட்டுவதையும் அன்ராப் (மதிப்பு இல்லாவிட்டால் பேனிக் ஆகும் கட்டளை) போடுவதையும் கிளிப்பி என்ற சரிபார்க்கும் கருவியில் தடைசெய்தாயிற்று, போட்டால் பில்ட் நிற்கும். பெயருக்குத் தனி டைப், வெட்டுவது அதற்குள்ளே மட்டும், எழுத்துக் கணக்கில். எஸ்எம்எஸ் நீளத்துக்கு யூடிஎஃப்-16 கணக்கு. கொம்பைலர் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்வேன்.

பிடிக்கிற இடத்தில் அது பிடிக்கிற பிடி வேறு. அடையாள அட்டை இலக்கத்தை எடுங்கள். பழையது ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016இலிருந்து வருவது 12 இலக்கம். இரண்டிலும் பிறந்த வருடமும் அந்த வருடத்தில் எத்தனையாம் நாள் என்பதும் உண்டு, பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் அந்த நாள் எண்ணப்படுகிறது. இது தெரியாமல் தேதி நூலகத்திடம் கொடுத்தால், லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 1 பிறந்தவர் மார்ச் 2 ஆகிவிடுவார். ஜாவாவில் இந்தக் கணக்கு நாலு கோப்பில் இருந்தது, மூன்றைத் திருத்தி ஒன்றை விட்டிருந்தோம். இப்போது பழையது, புதியது என்று இரண்டு கிளையுள்ள ஒரு ஈனம். அதைக் கடக்காமல் பிறந்த தேதி எவருக்கும் கிடைக்காது. வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு என்று மூன்றாவது கிளை போட்ட அன்று, கொம்பைலர் விடுபட்ட இடங்களை வரிசையாகக் காட்டியது. 11 இடம். திருத்தி முடித்து அன்றைக்கே ஏற்றினோம், இரவு போன் வரவில்லை.

ஆள் பிரச்சினைதான் இன்னும் தீரவில்லை. 2022க்குப் பிறகு இங்கே நல்ல பொடியன்கள் வரும் வேகத்தைவிடப் பறக்கும் வேகம் கூட. ஜாவா தெரிந்தவர் வந்து இரண்டாம் கிழமையே கை வைப்பார். ரஸ்ட்டுக்கு மூன்று மாதம், அதில் முதல் மாதம் முழுக்க, ஒரு தரவை யார் எப்போது தொடலாம் என்று கொம்பைலர் பார்க்கும் போரோ செக்கரோடு மல்லுக்கட்டு. ஒரு தம்பி அதற்குத் தப்ப எல்லா இடத்திலும் குளோன் (தரவைப் பிரதி எடுக்கும் கட்டளை) போட்டு எழுதினான். விடு, லம்டாவில் ஒரு கோரிக்கைக்கு நாலு ஸ்ட்ரிங் கூடக் குறையப் பிரதி எடுத்தால் குடி முழுகாது என்று சொன்னேன். அதைச் சொல்லவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உங்களிடம் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், அதில் ஒருவர் விசாவுக்குப் போட்டிருக்கிறார் என்றால் கோ மொழியில் எழுதுங்கள்.

மாதாந்த அறிக்கையை பிடிஎஃப் ஆக்கும் ஃபங்ஷன் இன்னும் ஜாவாவிலேயே இருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்று அந்தத் தம்பி இரண்டு தரம் கேட்டுவிட்டான், வேண்டாம் என்றேன். மாதத்தில் ஒருநாள் விடிய இரண்டு மணிக்கு ஓடுவது. ஆறு செக்கன் எடுத்து எழும்பட்டும், அந்த நேரம் யார் பார்க்கப் போகிறார்கள்.